மேகத்துக்குச் சூடு எந்தப் பக்கம்

கொடைக்கானல் மலையில் இருக்கிற கவுஞ்சிக்காரர்களுக்கு மேகம் என்பது சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைகிற விருந்தாளி. கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வரும். ஜன்னலைச் சாத்தினால் ஓட்டு இடுக்கில் வரும். வந்தால் கொடியில் கிடக்கும் துணியை வாரக்கணக்கில் காயவிடாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒரு பெண், மதுரையில் படித்து, பெங்களூர் வரைக்கும் போய், கடைசியில் அங்கேயும் ஒரு மேகத்திடமே மாட்டிக்கொண்டாள் என்றால் அதைத் தலையெழுத்து என்றுதான் சொல்லவேண்டும்.

சுபஸ்ரீ மாட்டிக்கொண்ட மேகம் மழை தருகிற ஜாதி இல்லை. விண்மீன்களுக்கு நடுவே வாயுவும் தூசியுமாகத் திரண்டு கிடக்கிற கருமேகம் அது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பட்டியலில் ஒரு எண்தான். குளிர் என்றால் அப்படியொரு குளிர், பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபது டிகிரி. மார்கழி மாதத்துக் கவுஞ்சி அதற்கு முன்னால் அடுப்படி மாதிரி. ஆனாலும் அந்த மேகத்தின் விளிம்பில் எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் சூடு இருந்தது. சூடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அந்த இடமும் பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று முப்பதில்தான் கிடந்தது. இருந்தாலும் முப்பது டிகிரி வித்தியாசம் சும்மா வந்துவிடாது. பக்கத்தில் ஒரு விண்மீன் எரிகிறது என்று அர்த்தம். அதன் புற ஊதா ஒளி மேகத்தின் தூசியில் பட்டு எலக்ட்ரான்களைத் தெறிக்கவிடும், தெறித்த எலக்ட்ரான்கள் வாயுவோடு மோதி அதைச் சூடாக்கும். உள்ளே போகப் போக ஒளி நுழையாது, அங்கே பழைய இருட்டும் பழைய குளிரும்தான்.

எந்த விண்மீன் என்பதுதான் சண்டை.

மேகத்துக்கு ஒரு பக்கம் ஒரு வெள்ளை விண்மீன், பளிச்சென்று கல்யாண மாப்பிள்ளை போல நிற்கும். மறுபக்கம் ஒரு செந்நிற விண்மீன், மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கவேண்டிய அளவில். பேராசிரியர் ஜெயமுருகன் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பளபளப்பான வெள்ளை விண்மீன்தான் மேகத்தைச் சூடாக்குகிறது என்றார். அப்போதிருந்த தொலைநோக்கியில் எந்த ஓரம் சூடு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பக்கத்தில் பெரிய விளக்கு ஒன்று எரியும்போது வேறு யாரைச் சந்தேகப்படுவது? உலகமே ஒப்புக்கொண்டது.

சுபஸ்ரீ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மலைச் சரிவில் கீழே இருக்கிற பள்ளங்கி ஊர்த் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் லாட்ஜ் விளக்குகள் கையால் பறித்துவிடலாம் போலத் தெரியும். ஏறிப் போகிறவனுக்குத்தான் முட்டி சொல்லும் அது எவ்வளவு தூரமென்று. மலையில் வளர்ந்தவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை எப்போதும் நம்பியதில்லை. வெள்ளை விண்மீன் மேகத்துக்குப் பக்கத்திலேயே இல்லை, நமக்கும் மேகத்துக்கும் நடுவே வெகு முன்னால் நிற்கிறது என்பது அவள் கட்சி. மங்கலான செந்நிற விண்மீன்தான் மேகத்தை ஒட்டி நின்று எரிகிறது. வழியில் கிடக்கும் தூசி அதன் ஒளியை மறைத்துச் சிவக்க வைத்திருக்கிறது, அதனால்தான் நமக்கு அது நோஞ்சானாகத் தெரிகிறது. அவளுடைய ஆய்வேடு முழுக்க இந்த ஒரு வாதத்தின் மேல்தான் நின்றது. அது சரிந்தால் ஐந்து வருஷ உழைப்பும் சேர்ந்து சரியும். "அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துடும்மா, பட்டம் வந்துரும்" என்று அவளுடைய நெறியாளர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். இவள் கேட்கிற ரகம் இல்லை.

போன வருஷம் புனேயில் நடந்த கருத்தரங்கில் முதல்முறையாக இதைச் சொன்னாள். ஜெயமுருகன் முன்வரிசையில் இருந்தார். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடைக் குடும்பத்தில் பிறந்தவர், பேச்சில் வெண்ணெயும் உண்டு ஊசியும் உண்டு. எல்லோரும் கேள்வி கேட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எழுந்தார்.

"தரவுல இருந்து இரைச்சலை நீக்கும்போது எதை வைக்கணும், எதைத் தள்ளணும்னு முடிவு பண்ணது நீதானம்மா? நீ பார்க்க நெனச்சதை உன் கையே வரைஞ்சிருக்கு. நீ வேணும்னே செஞ்சேன்னு சொல்லமாட்டேன்."

சுபஸ்ரீக்குக் காது மடல் வரை சூடேறியது. கோபத்தை விட மோசமான ஒன்று அவளை அன்றைக்குத் தூங்கவிடவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொலைநோக்கியில் வருகிற சமிக்ஞையில் பாதிக்கு மேல் இரைச்சல். எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கிறவளுக்கு, விடை எந்தப் பக்கம் வரவேண்டும் என்றும் ஓர் ஆசை இருந்தால், கை தன்னாலே அந்தப் பக்கம் சாயும்.

அப்போதுதான் அவளுக்கு ஊர்க்கோயில் பூ நினைவுக்கு வந்தது.

கவுஞ்சியில் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி நூல். கட்டுகிறவர் கட்டி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். எடுக்கிறவர் அப்புறம்தான் உள்ளே வருவார். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிவப்பு வந்தால் காரியத்தை மூட்டை கட்டி வைக்கவேண்டியதுதான். சுபஸ்ரீயை மதுரைக்குப் படிக்க அனுப்பலாமா என்று அவள் அம்மா பொன்னுத்தாய் கேட்டதும் இப்படித்தான், வெள்ளை வந்தது, பிள்ளை பஸ் ஏறியது. சாமி வந்து பூவில் பேசுகிறதா என்பதில் சுபஸ்ரீக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கட்டுகிற கையும் எடுக்கிற கையும் சந்திக்கவே கூடாது. யாருடைய ஆசையும் உள்ளே புக இடம் இல்லை.

பக்கத்து மேஜை சௌம்யாவிடம் போய் உட்கார்ந்தாள். சௌம்யா சென்னைக்காரி, நல்ல கணக்குக்காரி, கொஞ்சம் குறும்புக்காரியும்கூட.

"நீ கட்டு, நான் எடுக்குறேன்" என்றாள் சுபஸ்ரீ. பூ விஷயத்தை விளக்கியபோது சௌம்யா வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏய், இது நல்லா இருக்கே" என்றாள்.

புதிய தொலைநோக்கியில் அந்த மேகத்தை மறுபடி பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. வந்த தரவை சுபஸ்ரீ தொடவே இல்லை. சௌம்யா அதை வாங்கி, ஒரு விண்மீனின் பக்கத்திலிருந்து மறு விண்மீனின் பக்கம் வரை, மேகத்தின் குறுக்கே ஏழு பட்டைகளாக வெட்டினாள். சில பட்டைகளை அப்படியே வைத்தாள், சிலவற்றை இடவலமாகத் திருப்பிப் போட்டாள். எதைத் திருப்பினாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மேகம் ஏறக்குறைய உருண்டை, உருவத்தை வைத்து முகம் எது முதுகு எது என்று கண்டுபிடிக்க முடியாது. சுபஸ்ரீ மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சலை நீக்கினாள். எந்த முனை சூடு என்று ஒவ்வொன்றிலும் குறித்தாள். அந்த முனையில் எந்த விண்மீன் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

முதல் பட்டை மட்டும் தொல்லை கொடுத்தது. இரு முனைக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, குழப்பமான பட்டை. "அதை விட்டுடேன்" என்றாள் சௌம்யா.

"பிடிக்காததை முன்னாடியே ஒதுக்கினா, அவரு சொன்னது உண்மைன்னு ஆயிரும்" என்று சொல்லி சுபஸ்ரீ அதையும் வைத்துக்கொண்டாள்.

விடையை எல்லோர் முன்னாலும் திறப்பதாகக் கருத்தரங்கக் குழுவுக்கு எழுதினாள், ஜெயமுருகனுக்கும் எழுதினாள். "வாம்மா, உன் ஊருலயே பார்த்துருவோம்" என்று அவரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. இந்த வருஷக் கருத்தரங்கு கொடைக்கானலில்.

அன்று காலை ஹோட்டல் சாப்பாட்டு அறையில் சௌம்யாவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தாள் சுபஸ்ரீ. குறித்து வைத்த முனைகளை மூன்று நாளைக்கு முன்னாலேயே அவளிடம் ஒப்படைத்தாகிவிட்டது. இனி ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது. விடை இப்போது உலகத்தில் ஒரே ஒருத்தியின் தலைக்குள் இருந்தது, அந்த ஒருத்தி இட்லியைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்க மறுத்தாள்.

"ஒரு சின்ன சிரிப்பாவது சிரியேன்டி."

"சட்னி சூப்பர்" என்றாள் சௌம்யா. அவ்வளவுதான் கிடைத்தது.

அரங்குக்குள் நுழைந்தபோது கடைசி வரிசையில், டீ வைக்கிற மேஜையை ஒட்டி, பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, அதன் மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், மடியில் ஒரு பை.

"அம்மா! வரவேணாம்னு சொன்னேன்ல?"

"கேரட் லோடு ஏத்துன ஜீப்பு வந்துச்சு, வெள்ளனே ஏறிட்டேன். உங்கப்பாவுக்குப் பூண்டுச் சோலி, வரமுடியலை. நீ உன் சோலியப் பாரு தாயி, நான் பேசாம உக்காந்துருக்கேன்."

"எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்கம்மா."

"மூஞ்சியப் பாத்தா தெரியாதாக்கும்?"

பேச நேரமில்லை, அழைத்துவிட்டார்கள். சுபஸ்ரீ மேடையேறினாள். தூசியும் எலக்ட்ரானும் சூடும் எப்படி என்று சொன்னாள், இரு விண்மீன்களையும் காட்டினாள், ஏழு பட்டைகளையும் அதில் தான் குறித்த முனைகளையும் திரையில் போட்டாள். "இனி விடை" என்று சொல்லி சௌம்யாவைப் பார்த்தாள். சௌம்யா கணினியில் ஏதாவது திறப்பாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சௌம்யா ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தட்டில் வாழையிலையில் சுருட்டி நூல் கட்டிய ஏழு பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பார்ப்பதற்கு எழுந்தே நின்றுவிட்டார்.

"விடை கணினியிலும் பூட்டி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அப்புறம் சரிபார்க்கலாம்" என்று சௌம்யா ஆங்கிலத்தில் அறிவித்தாள். "சுபஸ்ரீ குறித்த சூடான முனை வெள்ளை விண்மீன் பக்கம் விழுந்திருந்தால் உள்ளே வெள்ளை ரோஜா. செந்நிற விண்மீன் பக்கம் விழுந்திருந்தால் சிவப்பு ரோஜா."

ஜெயமுருகன் முன்வரிசையில் முன்னுக்குச் சாய்ந்தார். அடிவாரத்துக்காரருக்குப் பொட்டலத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "என்னம்மா, சாமிகிட்ட உத்தரவு கேக்குறியா? இது சயின்ஸ் மீட்டிங்."

"கட்டுனவங்க எடுக்கக் கூடாது சார்" என்றாள் சுபஸ்ரீ. "நானும் எடுக்க மாட்டேன். நீங்க வந்து எடுங்க."

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். அந்த ஒரு விஷயத்துக்காக அவர் மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

முதல் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தார். வெள்ளை.

அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கடைசி வரிசையில் பொன்னுத்தாய் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா!" என்றாள் சந்தோஷமாக. அப்போதுதான் சுபஸ்ரீக்கு உறைத்தது. அம்மாவுக்கு வெள்ளை என்றால் உத்தரவு. சென்னைக்காரி விண்மீனின் நிறத்தைப் பார்த்துப் பூவைப் போட்டிருக்கிறாள், கவுஞ்சியில் எந்த நிறம் உத்தரவு என்று இவள் அவளிடம் சொன்னதே இல்லையே. மேடையிலிருந்து கத்திச் சொல்லவும் முடியாது. அம்மா அங்கே கும்பிட்டபடி பூரித்துப்போய் இருக்க, இவள் இங்கே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது. இலை விரிந்தது, சிவப்பு. மேஜை விளிம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

மூன்றாவது, சிவப்பு. ஜெயமுருகன் அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சாயம் பூசியிருக்கிறார்களோ என்பது போல. நாலாவதை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது, நூல் முடிச்சு விழுந்துவிட்டது. அதுவும் சிவப்பு.

ஐந்தாவது சிவப்பு வந்தபோது பின்னாலிருந்து யாரோ ஒரு மாணவி விசில் அடித்தே விட்டாள். சுபஸ்ரீயின் உடம்பு முழுக்க ஒரு கொதிப்பு ஏறியது, பயம் போன இடம் தெரியவில்லை. கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்திருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் ஒவ்வொரு சிவப்புக்கும் சுருங்கிக்கொண்டே போனது. பொன்னுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, மேடையில் நிற்கிறவள் எதைச் செய்வது?

ஆறாவதும் சிவப்பு. ஏழாவதை எடுத்த ஜெயமுருகன் அதை உடனே அவிழ்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவிழ்த்தார். பூவை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

சிவப்பு.

கைதட்டல் கூரையில் மோதியது. சௌம்யா மேடைக்கு ஓடிவந்து அவளைத் தூக்கப் பார்த்தாள், முடியாமல் இரண்டு பேரும் மேஜை மேல் சாய்ந்தார்கள். "மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லைடி, நீ குடுத்த முனைகளை ஒத்துப் பார்த்த அன்னைக்கே எனக்கு விடை தெரிஞ்சுபோச்சு!" என்று காதுக்குள் கத்தினாள். சுபஸ்ரீக்கு எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத அந்த மங்கல் விண்மீன்தான் மேகத்துக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னாள், அது அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அவள் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே பொன்னுத்தாய் ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள். வந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"வா தாயி, வீட்டுக்குப் போவோம். ஒருக்கா உத்தரவு வரலேன்னா என்ன கெட்டுப்போச்சு? அடுத்த தையில கேப்போம்." பிறகு கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தாள், கண்ணில் நெருப்பு. "இவங்கல்லாம் என்னத்துக்குக் கை தட்டுறாங்க? புள்ள தோத்ததுக்கா? நல்லாருக்கு நியாயம்!"

"அம்மா, அம்மா! இங்க செவப்புதான் நம்மளது! நான் ஜெயிச்சுட்டேன்மா!"

பொன்னுத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா."

"அடி ஆத்தே, நான் ஒவ்வொரு செவப்புக்கும் முருகனை வஞ்சுக்கிட்டுல்ல இருந்தேன்!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் மேஜையோரம் நின்ற ஜெயமுருகன் மேல் பார்வை போனது. "அப்ப அந்த ஒத்த வெள்ளை?"

"என்னோடது தாயி" என்றார் அவர், சுத்தமான அடிவாரத் தமிழில். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு."

"வருத்தப்படாதீங்கய்யா. ஒண்ணாவது குடுத்துச்சுல்ல."

தமிழ் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தெரியாதவர்களுக்கு அவர்கள் மொழிபெயர்த்தார்கள், பிறகு அவர்களும் சிரித்தார்கள். ஜெயமுருகனும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் தான் எழுதியது தவறு என்றும், அதை எழுத்திலேயே ஒப்புக்கொள்ளப் போவதாகவும், இந்தப் பெண் தரவைத் தன் விருப்பத்துக்கு வளைத்தாள் என்று புனேயில் பேசியதை இந்தக் கூட்டத்தின் முன்னிலையில் திரும்பப் பெறுவதாகவும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மறுபடியும் கைதட்டல். இந்த முறை பொன்னுத்தாயும் தட்டினாள், எதற்கு என்று தெரியாமலே, மற்றவர்களைவிடப் பலமாக.

ஒலிவாங்கியை வைத்துவிட்டு அவர் திரையின் பக்கம் திரும்பினார். அவர் கண் முதல் பட்டையில் போய் நின்றது.

"இது மட்டும் ஏன் வெள்ளை வந்துச்சு?"

"தெரியலை சார். அந்த ஓரத்துல மேகத்துக்குள்ளேயே புதுசா ஒரு விண்மீன் பிறந்துக்கிட்டு இருக்கலாம். இல்லேன்னா வெறும் இரைச்சலாவும் இருக்கலாம்."

"நீ இதை ஒதுக்கியிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் தலையை ஆட்டினார். முப்பது வருஷமாக ஆராய்ச்சியில் இருக்கிறவருக்கு ஒரு நல்ல புதிரைக் கண்டதும் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறிவிட்டது, தோற்றவர் என்று இப்போது யாரும் சொல்லமாட்டார்கள். "இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போமா?"

போன வருஷம் இதே மனிதர் முன்னால் காது சிவந்து நின்றவள், இப்போது நிமிர்ந்து அவர் கண்ணையே பார்த்தாள்.

"பார்ப்போம் சார். ஆனா கட்டுரையில முதல் பேரு என்னோடது."

"பின்ன வேற யாரோடதும்மா?" என்றார் ஜெயமுருகன்.